கொலுப்படிக்கு ஒரு சிறுதேர்

வைகாசி மாதம், வரதராஜப் பெருமாள் கோயில் பிரும்மோற்சவத்தின் ஏழாம் நாள், காஞ்சிபுரம் காந்தி சாலையில் போய் நின்று பாருங்கள். பட்டுக் கடைகளின் பெயர்ப் பலகைகளையெல்லாம் மறைத்துக்கொண்டு தேர் அசைந்து வரும். பெரியவர்கள் மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். குழந்தைகளின் கண் மட்டும் மேலே போகாது. அவர்கள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுவதும் உருவுவதுமாக ஓடுகிறாரே ஒரு மனிதர், அவரைப் பார்ப்பார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: அதே மாதிரித் தேர், ஆனால் கையில் அடங்க வேண்டும்!

இந்த ஆசைக்கு வயது குறைந்தது ஆயிரத்தைந்நூறு ஆண்டாவது இருக்கும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் புகழ்ந்து, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. காஞ்சிக்குப் போகிற வழியெல்லாம் என்னென்ன தென்படும் என்று சொல்லிக்கொண்டே வருகிற புலவர், மருத நிலத்து உழவர் வீட்டில் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறார். அங்கே ஒரு சின்னத் தேர் இருக்கிறது. யாரும் ஏறிப் போகாத தேர். தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி அழகாகச் செய்தது. உழவர் வீட்டுக் குழந்தை அதைத் தளர்நடை நடந்து உருட்டி, களைத்துப் போய், செவிலித் தாயிடம் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது. தேர் செய்கிற வீட்டுப் பிள்ளையே பொறாமைப்பட்டால் வேலைப்பாடு எப்படி இருந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

அதே புலவர் பாடிய பட்டினப்பாலையிலும் ஒரு சிறுதேர் உருள்கிறது. அதற்கு மூன்று சக்கரம். முற்றத்தில் உலர்கிற தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, பெண்கள் காதிலிருந்த கனமான குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் குழை போய் விழுந்து சிறுதேரின் பாதையை மறிக்கிறது! இன்றைய தங்கத்தின் விலையை நினைத்தால் கோழியாவது தானியமாவது, நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது இருக்கட்டும். அந்தத் தேரைப் புலவர் குதிரை பூட்டாத தேர் என்கிறார். குதிரை இல்லாமல் ஓடுகிற வண்டி என்றால் மோட்டார்தானே? பேர் வைக்க மட்டும் நாம் காத்திருந்தோம் போலிருக்கிறது.

வடமொழியில் சூத்ரகர் எழுதிய மிருச்சகடிகம் என்ற நாடகத்தின் பெயருக்கே மண் வண்டி என்றுதான் அர்த்தம். ஏழைப் பிராமணரின் பிள்ளை ரோகசேனன், அடுத்த வீட்டுப் பையனின் பொன் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, தன்னுடைய மண் வண்டி வேண்டாமென்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டி நிறைய வைத்து விடுகிறாள். அந்த நகைகளால் பின்னால் வந்த வம்பு நாடகம் முழுவதும் நீளுகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு எனக்கு ஒரு குறை. தேர் உருட்டுகிறவன் எங்கே பார்த்தாலும் பையனாகவே இருக்கிறான். பிள்ளைத்தமிழைப் பாருங்கள். ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் முதல் ஏழு பருவங்கள் பொது. கடைசி மூன்றில் வழி பிரிகிறது. ஆண் பிள்ளைக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, ஊசல், நீராடல் என்பது போல. அந்தச் சிற்றில் பருவத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? சிறுமிகள் மணலில் சின்னஞ்சிறு வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான பிள்ளை அதைக் காலால் அழிக்க வருகிறான். 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். வீட்டைச் சிறிதாக்கி, அறை பிரித்து, வாசல் வைத்து, அளவு பிசகாமல் கட்டியவள் பெண், உதைத்தவன் பையன், தேர் கிடைத்ததும் அவனுக்குத்தான்!

பல்லவர் காலச் சிற்பிகள் இந்த அநியாயத்துக்குக் கொஞ்சம் பரிகாரம் தேடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது எனக்கு ஒரு ஆறுதல். மாமல்லபுரத்தில் ஒற்றைக் கல்லில் குடைந்த ஐந்து ரதங்களில் மிகச் சிறியது திரௌபதி ரதம். பெயர் ரதம், உருவம் ஓலைக் குடிசை. சிற்றிலும் தேரும் ஒன்றாகவே ஆகிவிட்டன.

கடல் கடந்து போனாலும் கதை மாறவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஃபிஷர் பாடி என்ற பிரிவு 1930-ல் ஒரு போட்டியைத் தொடங்கியது. நெப்போலியன் காலத்துக் குதிரைக் கோச்சு வண்டி ஒன்றின் வரைபடத்தைக் கொடுத்து, அதை அச்சாகச் சின்ன அளவில் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். மரமும் உலோகமும் துணியும் கலந்த வேலை. மெத்தைத் தையல்கூட இருக்கவேண்டும். சில வருஷங்களில் கோச்சு போய், தாங்களே கற்பனை செய்த மோட்டார் காரை 12-ல் ஒரு பங்கு அளவில் செய்வது போட்டியாயிற்று. பரிசு, கல்லூரிப் படிப்புக்கு உதவித் தொகை. 1968 வரை நடந்த அந்தப் போட்டியிலிருந்து கிளம்பியவர்கள் பலர் பிற்காலத்தில் கார்களுக்கு உருவம் வகுக்கும் வல்லுநர்களானார்கள். அதிலும் பையன்களுக்கு மட்டும்தான் இடம்.

நம் வீட்டில் கொலு இருக்கிறது. அது பெண்களின் ராஜ்யம். மலை கட்டி, குளம் வெட்டி, பாசிப்பயறு முளைக்கவைத்துப் புல்வெளி அமைத்து, தெப்பம் விட்டு ஓர் ஊரையே சிருஷ்டிப்பவர்கள் அவர்கள். ஆனால் பூங்காவில் ஓடுகிற காரும் ரயிலும் மட்டும் எப்படியோ அண்ணாவின் இலாகாவாகிவிடுகிறது! இந்த வருஷம் தேரையும் காரையும் உங்கள் பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆயிரக் கணக்கான பெண்கள் கண்ணுக்குத் தெரியாத பாகங்களைக் கையாளுகிறார்கள். அட்டையில் சக்கரம் வெட்ட முடியாதா என்ன?

முதலில் அளவு. பொம்மைக்கும் மாதிரிக்கும் வித்தியாசமே இதுதான். பொம்மையில் தலை பெரிதாக இருக்கலாம், சக்கரம் சிறுத்திருக்கலாம். மாதிரியில் எல்லாம் ஒரே கணக்கில் சுருங்க வேண்டும். தேருக்குக் கால் அங்குலம் ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 48-ல் ஒரு பங்கு. அலங்காரத்தோடு 60 அடி உயரமுள்ள தேர் 15 அங்குலத்தில் வந்துவிடும். 8 அடிச் சக்கரம் 2 அங்குலம். வடம் பிடிக்கிற ஆள் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். 3 அங்குலக் கனமுள்ள வடம், தச்சர் கணக்கில் அரை நூல். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம் என்பது பாட்டிகளுக்குத் தெரியும். திருவாரூர் ஆழித்தேர்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், 96 அடிக்கு 2 அடி ஆகும். கொலுப்படி தாங்காது, கீழே பூங்காவில்தான் நிறுத்தவேண்டும். அந்தத் தேரின் சாயலில் சென்னையில் கல்லால் கட்டி 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம், 128 அடி உயரத்தில் அசலையே மிஞ்சி நிற்கிறது. மாதிரி பெரிதாகிவிட்ட அபூர்வம்!

அசல் தேரை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. உற்சவ நாளில் வேண்டாம், கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. தேர் நிலையில் நிற்கும்போது போங்கள். அப்போதுதான் ஒரு சங்கதி புரியும்: தேரில் நிரந்தரமானது கீழ்ப்பாதி மட்டுமே. இலுப்பை மரத்தில் தட்டுத் தட்டாக, அடியில் ஒடுங்கி மேலே போகப் போக விரிந்து, நெருக்கமாகச் சிற்பங்கள் பதித்தது அது. மேலே நாம் பார்க்கிற கோபுரமெல்லாம் மூங்கிலும் கழியும் கயிறும் துணியுமாக உற்சவத்துக்கு உற்சவம் கட்டிப் பிரிப்பது. மாதிரியிலும் அப்படியே இரண்டு பாகமாகச் செய்துவிட்டால் எடுத்து வைப்பது சுலபம்.

கீழ்ப்பாதிக்குப் பழைய காலண்டர் அட்டை போதும். ஒவ்வொரு தட்டையும் முந்தையதைவிட ஒரு நூல் அகலமாக வெட்டி ஒட்டிக்கொண்டு போங்கள். சிற்பங்களுக்குத்தான் காஞ்சிபுரம் நமக்குக் குருபீடம். அங்கே பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு உண்டு; கொலுப் பொம்மை செய்கிற குடும்பங்கள் வசிக்கும் இடம். 40 வருஷத்துக்கு ஒரு முறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதர் 1979-க்குப் பிறகு 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை காட்சி கொடுத்தாரல்லவா? அந்த வருஷத்து நவராத்திரிக்கே சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் அத்திவரதர் பொம்மைகள் கடைகளுக்கு வந்துவிட்டன. தேவைப்பட்டதைச் சட்டென்று அச்சில் பிடித்துவிடும் கைகள் அவை.

அவர்களுடைய காகிதக் கூழ் வித்தையை நாமும் வீட்டு அளவில் கையாளலாம். செய்தித்தாளைக் கையால் கிழித்து (கத்திரியால் வெட்டினால் நார் பிரியாது) இரண்டு இரவு ஊறவையுங்கள். கொதிக்கவைத்து, அரைத்து, பிழிந்து எடுங்கள். ஊறிய வெந்தயத்தை மைய அரைத்துச் சேர்த்தால் பிடிப்பு வரும், பூச்சியும் அண்டாது. புளியங்கொட்டைப் பசை, அது கிடைக்காவிட்டால் மைதாப் பசை. கடைசியில் சாக்கட்டித் தூள். சப்பாத்தி மாவின் பதம் வரவேண்டும். அச்சுக்கு எங்கும் போக வேண்டாம். குத்துவிளக்கின் அடிப்பாகம், பழைய வங்கி, ஜிமிக்கி, ஊஞ்சல் சங்கிலியில் இருக்கிற யானை, குதிரை எல்லாம் சிற்பங்களே. குழந்தைகள் விளையாடுகிற மெழுகுக் களிமண்ணை அதன் மேல் அழுத்தி எடுத்தால் அச்சு ரெடி. அதற்குள் துளி எண்ணெய் தடவிக் கூழை அமுக்கி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். உலரும்போது கூழ் சற்றுச் சுருங்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்; விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தால் கூழாலேயே பூசிவிடலாம்.

சக்கரம் நாலு அட்டை கனம் இருக்கட்டும். மூங்கில் குச்சி அச்சு, பாதி வெட்டிய குண்டூசி கடையாணி. அவசரப்படுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். துளை நடுவில் விழாவிட்டால் தேர் நொண்டும். வட்டம் போடும்போது காம்பஸின் முள் குத்திய புள்ளியையே துளையாக வைத்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் அச்சாணியைப் பற்றி ஒரு குறளே சொல்லியிருக்கிறார் என்றால் காரணமில்லாமலா?

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. பிரேக்கும் பழைய நாளில் கிடையாது. இரண்டும் முட்டுக்கட்டைதான். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். இரு பக்கமும் கொடுத்தால் நிற்கும். நாம் ஒருவர் காரியத்தில் இன்னொருவர் முட்டுக்கட்டை போடுவதாகச் சொல்கிறோமே, அது பாவம், தேர் ஒழுங்காகத் திரும்புவதற்கென்று வந்த கட்டை! திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரருக்கு வேலை போய்விடவில்லை. உங்கள் தேருக்கும் தீக்குச்சியைச் சீவி நாலு முட்டுக்கட்டை செய்து வையுங்கள்.

மேல்பாதிக்கு விளக்குமாற்று ஈர்க்கும் தையல் நூலும். பசை வேண்டாம், கட்டுங்கள், அசலிலும் கட்டுகிறார்கள். பிறகு துணி. ரவிக்கைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு உட்காரும்போது ஓர் எச்சரிக்கை: அழகான துணியெல்லாம் உதவாது. காஞ்சிபுரம் புடவைத் தலைப்பில் இருக்கிற 2 அங்குல அன்னப்பட்சி, நம் கணக்கில் 8 அடி உயரப் பட்சி! தேரைவிட்டுப் பறவையைத்தான் பார்ப்பார்கள். கோடும் புள்ளியுமாக இருக்கிற மிகச் சின்ன வேலைப்பாட்டையே தேர்ந்தெடுங்கள். கால் அங்குல ஜரிகை ஓர் அடி அகலச் சரிகைப் பட்டை ஆகிவிடும். தேர்ச்சீலையின் விளிம்புக்கு அதுவே கம்பீரம். சிவப்பு, வெள்ளை, பச்சைத் துணியைச் சிறு குழாய்களாகத் தைத்து நாலு மூலையிலும் தொங்கவிட்டால் தொம்பை. உச்சியில் கலசத்துக்கு அறுந்த மாலையின் பொன் மணி ஒன்று.

வர்ணம் பூசும்போது கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். தேரின் மரம் எண்ணெயும் வெயிலும் புகையும் பட்டுக் கறுத்த மரம்; பளபளக்கக் கூடாது. கறுப்புக் கலந்த காவி முழுக்க ஒரு கோட்டிங். காய்ந்ததும், இளங்காவியில் பிரஷ்ஷைத் தொட்டு, காகிதத்தில் துடைத்துத் துடைத்துக் கிட்டத்தட்ட வர்ணமே இல்லை என்ற நிலையில், சிற்பங்களின் மேல் லேசாக இழுங்கள். மேடுகள் மட்டும் வெளுத்து, பள்ளங்கள் இருட்டாகவே நின்றுவிடும். குத்துவிளக்கிலிருந்து எடுத்த பூவேலை அந்தக் கணத்தில் நூறு வருஷத்து மரமாகிவிடும். எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்த நிமிஷம் இதுதான்.

தேர் சாவகாசமான வேலை, எனக்கு மோட்டார்தான் வேண்டும் என்கிற பெண்ணும் உங்கள் வீட்டில் இருப்பாள். நியாயம்தான். தொழிற்சாலை காரணமாகக் காஞ்சிபுரம் ஜில்லாவே இப்போது கார் ஜில்லா. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லிருந்து கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010-ல் திறந்தது. பழைய காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த மறைமலை நகரில் ஃபோர்டு 2022 வரை செய்தது. பெரிய கம்பெனிகளில் புதுக் காரின் உருவத்தை வகுப்பதும் களிமண்ணில்தான். மெழுகும் எண்ணெயும் கலந்த களிமண். அடுப்பில் இளக்கி, கட்டையின் மேல் அப்பி, சுரண்டிச் சுரண்டி முழு அளவுக் காரையே செய்து பார்க்கிறார்கள். கணிப்பொறி வந்தும் அந்த வழக்கம் போகவில்லை.

அமெரிக்க வாலிபர்களுக்கு அந்த நாளில் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு காரைச் சல்லிசாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, கூரையை நடுவில் அறுத்துத் தாழ்த்தி, வேகமான எஞ்ஜினை மூடியில்லாமல் வெளியே தெரிய வைத்து, முகப்பில் தீ ஜ்வாலை வரைந்து ஓட்டுவது. ஹாட் ராட் என்று அதற்குப் பெயர். 1950-களின் இறுதியில் அதே காரின் சிறு பாகங்கள் பிளாஸ்டிக்கில் பெட்டிகளில் வரத் தொடங்கின. 25-ல் ஒரு பங்கு அளவு. ஒரே பெட்டியிலிருந்து அசல் காராகவும் செய்யலாம், பந்தயக் காராகவும் செய்யலாம், மனம்போனபடி மாற்றியும் செய்யலாம். நிஜக் கார் வாங்கக் காசில்லாத பையன்கள் மேஜை மேல் ஹாட் ராட் செய்து தீர்த்துக்கொண்டார்கள்.

இதற்கு அரை அங்குலம் ஓர் அடி என்று கொள்ளுங்கள். அந்த ஃபோர்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 106 அங்குலம். 24-ஆல் வகுத்தால் சுமார் 4½ அங்குலம். உடம்புக்கு அட்டையும் கூழும். எஞ்ஜினுக்குத் தீப்பெட்டியில் பாதி. அதில் 8 சிலிண்டர், பக்கத்துக்கு நாலாக. பழைய மின்சார ஒயரைப் பிரித்தால் வருகிற மெல்லிய செப்புக் கம்பி எட்டை அதில் செருகிவிட்டுப் பாருங்கள், தீப்பெட்டி எஞ்ஜினாகிவிடும்! பால்பாயிண்ட் பேனாவின் காலி ரீஃபில் புகைக்குழாய், கண்ணாடிப் பொத்தான் முன் விளக்கு, சாக்லேட்டுக் காகிதம் குரோமியம். தீ ஜ்வாலைக்கு மஞ்சளை முதலில் தீட்டி, அது உலர்வதற்குள் நுனியில் ஆரஞ்சை இழுங்கள். அதன் நுனியில் சிவப்பு.

கடைசிப் பளபளப்புக்குக் கடைக்கு ஓட வேண்டாம். நகப்பூச்சே போதும். நல்ல சிவப்பு நகப்பூச்சை மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்த பிறகு. பிளாஸ்டிக் உடம்பானால் நேரே பூசாதீர்கள், அரித்துவிடும். அடியில் வேறு வர்ணம் இருக்கவேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பூசுங்கள். பிளேடு வேலை மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

கொலு முடிந்து பொம்மைகளை எடுத்து வைக்கிற நாளில், தேரின் மேல்பாதியைப் பிரித்துச் சீலையையும் தொம்பையையும் தனியே மடித்துவிடுங்கள். கடையாணியை உருவிச் சக்கரங்களைக் கழற்றிப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி, அதனோடு ஒரு துண்டு வசம்பும் வையுங்கள். நாலு குண்டூசியும் நாலு முட்டுக்கட்டையும் ஒரு மருந்துச் சீசாவில். மேலே 'தேர்' என்று எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த புரட்டாசியில் தேட வேண்டியிராது.